திரையிலிருந்து தாளுக்கு

தொலைக்காட்சியில் மக்கள் விரும்பிப் பார்க்கும் தொடரொன்றைச் சித்திரக்கதையாக வரைந்து, நூலாகவோ வாரச் சஞ்சிகையாகவோ விற்பது மேல்நாடுகளில் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் தொழில். தொடரின் பெயர் அட்டையிலே பெரிய எழுத்துக்களில் இருக்கும். அதன் கீழே கதாநாயகனாக நடிப்பவரின் நிழற்படம் இருக்கும். அந்தப் பெயரையும் முகத்தையும் நம்பியே சிறுவன் தன் கைக்காசைக் கொடுத்து நூலை வாங்குகிறான். வீட்டுக்குச் சென்று அட்டையைப் புரட்டினால் உள்ளே நிழற்படம் இல்லை. யாரோ ஒருவர் மையினால் வரைந்த கோடுகளே உள்ளன. அட்டை கொடுத்த வாக்குறுதியை அந்தக் கோடுகள் நிறைவேற்றினவா? சிறுவனுக்கு ஓவிய இலக்கணம் தெரியாது. ஆயினும் தான் ஏமாற்றப்பட்டிருந்தால் அதனை அவன் ஒரு நொடியில் அறிந்துகொள்வான்.

கதை நல்லதாயிருந்தால் படம் எப்படி இருந்தாலென்ன என்று கேட்போர் உண்டு. இதற்கு விடை காண வேண்டுமாயின், ஒரு தொடர் திரையை விட்டுத் தாளுக்கு வரும்போது எவற்றை இழக்கிறது என்று கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். நடிகரின் குரல் போய்விடுகிறது. அவர் பேசாமல் நிற்கும் இடைவேளை போய்விடுகிறது. இசை இல்லை, காலடியோசை இல்லை, கதவு சாத்தும் ஒலி இல்லை. அசைவு முற்றாக நின்றுவிடுகிறது. வானொலி நாடகம் கேட்டுப் பழகியோருக்கு இவ்விழப்பின் அளவு எளிதில் விளங்கும். வானொலியில் உருவம் இல்லை. ஆனால் குரல் இருப்பதனால், உருவத்தைக் கேட்பவரின் மனமே படைத்துக்கொள்கிறது. சித்திரக்கதையின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே உருவம் இருக்கிறது. குரலைத்தான் வாசிப்பவர் மனத்தில் எழுப்பிக்கொள்ள வேண்டும். அக்குரலை எழுப்பும் வேலை ஓவியருடையது.

ஆகவே, ஓவியத்தைக் கதைக்குப் பக்கத்தில் வைத்த அலங்காரம் என்று எண்ணுவது தவறு. தாளிலே ஓவியரே நடிகர், அவரே நெறியாளர்; ஒளியமைப்பும் இசையும்கூட அவர் கையிலேதான். அவர் திறமை குன்றியவரானால், கெடுவது படத்தின் அழகு மாத்திரமன்று. கதாநாயகன் நடிக்கத் தெரியாதவனாகிவிடுகிறான். எதிரி அச்சம் தராதவனாகிவிடுகிறான்.

இதற்கு மிகச் சிறந்த உதாரணம் ‘சோரோ’. முகமூடி அணிந்து, கரிய உடையும் கரிய மேலங்கியும் தரித்து, கரிய குதிரையில் இரவிலே வரும் வீரனின் கதை அது. வால்ட் டிஸ்னி நிறுவனம் தயாரித்த இத்தொடர் 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கியது. கை வில்லியம்ஸ் என்னும் நடிகர் சோரோவாகத் தோன்றினார். மறு ஆண்டே டெல் பதிப்பகம் அதைச் சித்திரக்கதையாக வெளியிடத் தொடங்கிற்று. வரைவதற்கு அமர்த்தப்பட்டவர் அலெக்ஸ் டோத். அப்பொழுது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

அவர் கைக்கு வந்த எழுத்துப்பிரதி, தொலைக்காட்சி அத்தியாயங்களைச் சுருக்கி எழுதியது. திரையிலே நடிகர்கள் பேசிய பேச்செல்லாம் அதில் அடைபட்டுக் கிடந்தது. பேச்சைத் திரையில் கேட்கும்போது சலிப்பதில்லை. அதே பேச்சு வசனக் குமிழிகளாகித் தாளில் ஏறும்போது கட்டத்தின் பாதியை விழுங்கிவிடுகிறது. சொற்களைக் குறைக்க டோத் முயன்றார், பதிப்பாசிரியர் இடங்கொடுக்கவில்லை. எழுதியதை எழுதியபடியே வரைய வேண்டும் என்பது கட்டளை. சொற்களில் கைவைக்க முடியாத ஓவியர் பின்பு என்ன செய்தார் என்பதே கவனிக்கத்தக்கது. எஞ்சிய சிறிய இடத்தைக் கறுப்பினால் ஆண்டார்.

தொலைக்காட்சித் தொடரும் கறுப்பு வெள்ளையிலேயே படமாக்கப்பட்டது. அதன் உயிர் இருட்டில் இருந்தது. டோத் அதனைப் புரிந்துகொண்டார். சுவரிலே விழும் நிழல், வளைவு வாசலுக்குள் உறைந்திருக்கும் இருள், மேலங்கியின் பெருங்கருமை ஆகியவற்றை அவர் கோடுகளால் நிரப்பாமல் முழுக் கறுப்பாகவே விட்டார். தேவையற்ற எதையும் வரையவில்லை. மெலிந்து உயர்ந்த சோரோவையும் பருத்த சார்ஜன் கார்சியாவையும் முகம் தெரியாத நிழலுருவத்திலேயே இனங்காண முடியும். குமிழிகளின் சுமை அப்படியே இருந்தது. ஆனால் கண் அவற்றில் தங்காமல் இருளை நோக்கியே ஓடிற்று. கதை மிகச் சாதாரணமானது என்று அதனை ஆராய்ந்தோர் பலர் கூறியுள்ளனர். அப்படியிருந்தும் அந்நூல்கள் வாழ்ந்தன. பின்னாளில் எக்லிப்ஸ் என்னும் பதிப்பகம் அவற்றை மீண்டும் பதிப்பித்தபோது, பழைய நிறங்களை நீக்கிவிட்டுக் கறுப்பு வெள்ளையில் வெளியிட்டது. இடையிடையே வேண்டிய சாம்பல் சாயலை டோத் தாமே சேர்த்துக் கொடுத்தார்.

சோரோ முகமூடிக்காரன். நடிகரின் முகத்தை அப்படியே பெயர்த்து வைக்க வேண்டிய தொல்லை அங்கே அரைவாசி குறைவு. முகமூடியில்லாத கதாநாயகர்களை வரைவோருக்கு அந்த வசதி இல்லை. உரிமை விற்கும் நிறுவனம் ஓவியருக்குச் சில நிழற்படங்களை அனுப்பிவைக்கும். அவை விளம்பரத்துக்காக எடுக்கப்பட்டவை. நடிகர் நேராகவோ சற்றுப் பக்கவாட்டாகவோ நோக்கி, நல்ல வெளிச்சத்தில், பெரும்பாலும் புன்முறுவலோடு காட்சியளிப்பார். கதையிலோ அவர் மலையுச்சியிலிருந்து விழ வேண்டும், முதுகு காட்டி ஓட வேண்டும், அஞ்ச வேண்டும், சினக்க வேண்டும். இவற்றுக்கு நிழற்படம் கிடையாது. தேர்ந்த ஓவியர் இருக்கும் நான்கு படங்களிலிருந்து மண்டையோட்டின் அமைப்பை ஊகித்து, இல்லாத நாற்பது கோணங்களைப் படைத்துக்கொள்வார். தேர்ச்சியில்லாதவர் அந்த நான்கு படங்களையே மாற்றி மாற்றி ஒட்டுவார். அப்போது மனிதன் கிணற்றில் விழுந்துகொண்டே புன்முறுவல் பூப்பான். அட்டைப் படம் எவ்வளவு அழகாயிருந்தாலும் இதை மறைக்க முடியாது.

நிழற்படம் மட்டுமே கையிலிருந்து, தொடரைக் கண்ணாற் காணாமல் வரைந்தால் என்ன நேரும் என்பதற்கு ‘ஸ்டார் ட்ரெக்’ சான்று. இத்தொடர் 1966ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆம் திகதி அமெரிக்காவில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. அடுத்த ஆண்டே கோல்ட் கீ என்னும் பதிப்பகம் அதன் சித்திரக்கதையை வெளியிட்டது. முதல் இரண்டு இதழ்களை நேவியோ சக்காரா வரைந்தார். மூன்றாம் இதழ் முதல் நெடுங்காலம் வரைந்தவர் அல்பேர்ட்டோ ஜியோலிட்டி. இருவரும் இத்தாலியர். ஜியோலிட்டி சில ஆண்டுகள் அமெரிக்காவில் தொழில் செய்துவிட்டு, உரோமாபுரிக்குத் திரும்பி அங்கே ஓவியக்கூடம் நடத்தியவர். ‘ஸ்டார் ட்ரெக்’ அக்காலத்தில் இத்தாலியில் ஒளிபரப்பப்படவில்லை. விளம்பர நிழற்படங்களை மேசைமீது பரப்பி வைத்துக்கொண்டு, ஒருநாளும் பார்த்திராத ஒரு தொடரை அவர் வரைய நேர்ந்தது.

அதன் விளைவு விசித்திரமானது. என்டர்பிரைஸ் என்னும் விண்கலத்தின் பின்னே நீண்ட இரு இயந்திரக் குழாய்கள் உண்டு. திரையில் அவற்றிலிருந்து தீயோ புகையோ ஒருபோதும் வெளிப்படுவதில்லை. தாளிலோ தீச்சுவாலை சீறிக்கொண்டு வந்தது. நிழற்படத்தில் அசையாமல் நிற்கும் கலத்தைக் கண்ட ஓவியர், வானில் செல்வது ஏவுகணை போன்றது, ஏவுகணைக்குத் தீ வேண்டும் என்று நியாயமாகவே ஊகித்தார்! வேற்றுக் கோள்களில் இறங்கும் வீரர்கள் முதுகிலே பெரும் பொதிகளைச் சுமந்தனர்; திரையிலோ அவர்கள் கைவீசி நடந்தவர்கள். சீருடைகளின் நிறமும் திரையிற் கண்டதோடு பல இடங்களில் ஒத்துவரவில்லை. நிறந்தீட்டல் ஓவியர் கையில் இல்லை. கறுப்புக் கோடுகள் வரையுமட்டுமே அவர் பொறுப்பு. நிறத்தை அமெரிக்காவில் வேறு பலர் சேர்த்தனர்.

இங்கே ஒரு வேறுபாட்டை மறத்தல் ஆகாது. ஜியோலிட்டியின் கை வல்ல கை. ‘டூரோக்’ என்னும் சித்திரக்கதையில் ஆதிகால விலங்குகளையும் அடர்ந்த காடுகளையும் அவர் வரைந்த விதத்தைப் பார்த்தோர் இதில் ஐயம் கொள்ளார். ‘ஸ்டார் ட்ரெக்’ கதைகளிலும் பாழடைந்த நகரங்கள், பாறைகள், வேற்றுலகத் தாவரங்கள் ஆகியன வரும்போதெல்லாம் பக்கம் உயிர்பெற்று எழுகிறது. தொலைக்காட்சி நிறுவனம் அட்டையாலும் சாயத்தாலும் செய்த கோள்களைவிட அவருடைய கோள்கள் நம்பத்தக்கவை. அவரிடம் குறைந்தது திறமையன்று, காட்சியறிவு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, ஓவியம் மோசம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது இரசிகர்களிடையே நெடுங்காலம் இருந்த வழக்கம்.

கதையாசிரியரின் குற்றமும் ஓவியர் தலையில் விழுந்ததுண்டு. முதலாவது இதழின் கதை, உயிர்களைப் பற்றி விழுங்கும் தாவரங்கள் நிறைந்த ஒரு கோளைப் பற்றியது. கதையின் முடிவில் விண்கலம் அக்கோளிலுள்ள தாவர உயிர்களையெல்லாம் கதிர்வீச்சால் அழித்துவிட்டுச் செல்கிறது. பிற உலகத்து உயிர்களை அறிந்து மதிப்பதே நோக்கமெனக் கொண்ட தொடரின் பண்புக்கு இது முற்றிலும் முரண். எத்துணைச் சிறந்த ஓவியராலும் அதனை நேராக்க முடியாது. ஓவியத்தின் ஆற்றலுக்கு எல்லை எங்கே என்று கேட்பவருக்கு இந்த இதழைக் காட்டலாம். சலிப்பூட்டும் கதையை ஓவியம் தாங்கிக்கொள்ளும். தொடரின் இயல்பையே அறியாத கதையை அதனால் தாங்க முடியாது. இத்தனை குறையோடும் அந்தச் சித்திரக்கதை 61 இதழ்கள் வந்து, 1979 வரை நீடித்தது. தொலைக்காட்சித் தொடரோ 1969இலேயே நின்றுவிட்டது. பத்தாண்டு காலம் புதிய அத்தியாயம் வேண்டியோர் நாடக்கூடியவற்றுள், தீச்சுவாலை கக்கும் அந்த விண்கலமும் ஒன்று.

ஒரு படம் ஓவியரின் மேசையில் எப்படியிருந்தது என்பது ஒன்று. வாசகர் கையில் எப்படி வந்து சேர்ந்தது என்பது வேறு. அமெரிக்கச் சித்திரக்கதைகள் அக்காலத்தில் மலிவான பத்திரிகைத் தாளில், புள்ளிபுள்ளியாக நிறம் வைத்து அச்சிடப்பட்டன. மெல்லிய கோடு அத்தாளில் ஊறிக் கரைந்துவிடும். டோத் பெருங்கறுப்பை நாடியதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கொள்ளத்தக்கது. ஜியோலிட்டியின் நுண்ணிய குறுக்குக் கோடுகளுக்கோ அந்தத் தாள் பகையாயிற்று. பிரித்தானியாவில் சில சஞ்சிகைகளுக்கு இதனினும் மேலான அச்சுமுறை வாய்த்தது. செப்பு உருளையிலே நுண்ணிய குழிகளைப் பொறித்து, குழியின் ஆழத்துக்கு ஏற்ப மை ஏறுமாறு செய்யும் முறை அது. ஆழ்ந்த குழியில் மை மிகும், ஆழமற்ற குழியில் மை குறையும். ஆகவே நிறம் படிப்படியாகத் தேய்ந்தும் வளர்ந்தும் செல்லும். நீர்வர்ண ஓவியத்தின் மென்மை ஓரளவுக்குத் தாளில் வந்து சேரும்.

அந்த அச்சுமுறையும் அதற்கேற்ற ஓவியர்களும் ஒரே இடத்தில் கூடியது ‘டி.வி. செஞ்சுரி 21’ என்னும் வாரச் சஞ்சிகையில். 1965ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய அச்சஞ்சிகை, ஜெரி அண்டர்சன் தயாரித்த பாவைத் தொடர்களை முதன்மையாகக் கொண்டது. அதன் முதற்பக்கம் நூறாண்டு பிந்திய செய்தித்தாள் போல, 2065ஆம் ஆண்டுத் திகதியோடு அச்சிடப்பட்டது. சிறுவர்க்கு இது பெருங்களிப்பு. ‘ஸ்டிங்ரே’ கதையை ரொன் எம்பிள்டனும், ‘பயர்போல் எக்ஸ்.எல். 5’ கதையை மைக் நோபிளும் வரைந்தனர். 1966 ஜனவரியில் ‘தண்டர்பேர்ட்ஸ்’ அங்கே இடம்பெற்றபோது, நடுப்பக்கங்கள் இரண்டும் பிராங்க் பெல்லமியிடம் ஒப்படைக்கப்பட்டன.

பெல்லமி அப்போது புதியவர் அல்லர். ‘ஈகிள்’ சஞ்சிகையில் வின்ஸ்டன் சர்ச்சிலின் வாழ்க்கையைச் சித்திரமாக வரைந்தவர். புகழ்பெற்ற ‘டான் டேர்’ கதையை 1959இல் பொறுப்பேற்று ஓராண்டு நடத்தியவர். அவருக்கு முன்னிருந்த சிக்கல் வேடிக்கையானது. அவர் வரைய வேண்டியவர்கள் மனிதர்களே அல்லர். நூலிற் கட்டித் தொங்கவிடப்பட்ட பாவைகள்.

அப்பாவைகளின் உதடுகள் பேச்சுக்கு ஏற்ப அசையும்படி, தலைக்குள்ளே மின்பொறி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. பொறி தலைக்குள் இருந்தமையால் தலை பருத்தது, உடல் சிறுத்தது. நடக்க வைத்தால் கால்கள் தரையிற் பாவாமல் துள்ளும். ஆதலால் தொடரைத் தயாரித்தோர் பாவைகளை இயன்றவரை நடக்கவிடுவதில்லை. உட்கார வைத்தனர், வாகனத்தில் ஏற்றினர், இடுப்புக்கு மேலே மட்டும் காட்டினர். பொறியை மார்புக்குள் மாற்றி, தலையை இயல்பான அளவுக்குக் கொண்டுவந்தது 1967இல் வந்த ‘கப்டன் ஸ்கார்லட்’ தொடரிலேதான். சாதாரண ஓவியர் ஒருவர் பாவையைப் பாவையாகவே வரைந்திருப்பார். உரிமை கொடுத்தவர்களும் அதில் குறை காண இயலாது. பெல்லமி அப்படிச் செய்யவில்லை. முகத்தின் அடையாளத்தை வைத்துக்கொண்டு, உடலை மனித உடலாக்கினார். திரையில் நடக்க முடியாதவர்கள் தாளில் ஓடினர், தாவினர், தீக்குள் புகுந்து வெளியேறினர். தொடரைப் பார்க்கும் சிறுவன் நூல்களை மறந்து மனத்திற் காணும் மனிதர்கள் யாரோ, அவர்களையே பெல்லமி வரைந்தார். பாவைகளை அப்படியே பெயர்த்திருந்தால் உருவம் ஒத்திருக்கும், தொடர் ஒத்திருக்காது.

கட்டங்களையும் அவர் சதுரமாக விட்டுவைக்கவில்லை. வெடிப்பு நேரும் இடத்தில் கட்டத்தின் ஓரம் மின்னல் போல் முறிந்து வளையும். பெரிய ஊர்தி வரும்போது ஒரு கட்டம் இரு பக்கங்களையும் குறுக்கே கடந்து செல்லும். தாளில் ஒலி இல்லை என்று முன்னர்ச் சொல்லப்பட்டது. அந்த ஓரங்களே இங்கு ஒலி. சில வாரங்களில் எந்தக் கட்டத்தை அடுத்துப் படிப்பது என்று கண் சற்றுத் தடுமாறுவதும் உண்டு. ஆர்வத்தின் மிகுதியால் நேர்ந்த குறை அது. வாரம் இரண்டு பக்கம் என்ற கணக்கில், சில இடைவெளிகளோடு 1969 வரை அவர் அதை வரைந்தார்.

நிறத்தைப் பற்றி ஒரு செய்தி தனியே சொல்லத்தக்கது. ‘தண்டர்பேர்ட்ஸ்’ வர்ணப் படச்சுருளில்தான் எடுக்கப்பட்டது. ஆயினும் அதனை ஒளிபரப்பிய பிரித்தானிய வணிகத் தொலைக்காட்சி 1969 நவம்பர் வரை கறுப்பு வெள்ளையிலேயே இயங்கியது. 1965இலும் 1966இலும் அங்கே அத்தொடரைக் கண்ட சிறுவர்களுக்கு, இரண்டாம் இலக்க ஊர்தி வெறும் சாம்பல் நிறமாகவே தோன்றிற்று. அது பச்சை என்பதையும், பெனலப்பி சீமாட்டியின் மோட்டார் வண்டி இளஞ்சிவப்பு என்பதையும் வாராவாரம் அவர்கள் கண்டது அச்சிட்ட தாள்களில். அவர்கள் அளவில் மூலம் எது, நகல் எது? திரையைவிடத் தாள் கூடுதலாகக் காட்டிய காலம் அது. அந்தப் பச்சையை நல்ல ஓவியர் நல்ல மையில் தீட்டியது வீண் ஆடம்பரமன்று.

உருவ ஒற்றுமை பயனற்றது என்று இதிலிருந்து முடிவுகட்டுவதும் பிழையாகும். 1971இல் தொடங்கிய ‘லுக்-இன்’ என்னும் பிரித்தானியச் சஞ்சிகை, ஏறக்குறைய முழுவதும் தொலைக்காட்சித் தொடர்களையே சித்திரக்கதையாக்கியது. அதில் வரைந்த ஆர்தர் ரான்சன், நிழற்படமோ என்று ஐயுறும் அளவுக்கு முகங்களைத் துல்லியமாகப் பெயர்ப்பவர். ‘சபையர் அண்ட் ஸ்டீல்’ தொடர் 1979இல் வந்தபோது அந்தத் துல்லியம் நன்கு பயன்பட்டது. அத்தொடரில் ஓட்டம் இல்லை, போர் இல்லை. பூட்டிய வீடு, வெறிச்சோடிய நிலையம், அசையாமல் நோக்கும் இரு முகங்கள். அச்சம் அவற்றிலிருந்தே பிறக்கும். அசைவின்மை அங்கே தொடரின் குணமாகவே இருந்தபடியால், ரான்சனின் உறைந்த முகங்கள் அதற்குப் பொருந்தின. அதே முறையில் ‘தண்டர்பேர்ட்ஸ்’ வரையப்பட்டிருந்தால் செத்த பக்கங்களே கிடைத்திருக்கும். ஓவியத்தின் தரம் என்பது எல்லாத் தொடருக்கும் பொதுவான ஓர் அளவுகோல் அன்று. எந்தத் தொடர் பார்ப்பவரை எதனால் ஈர்க்கிறதோ, அதனைத் தாளில் மீட்டுத் தருவதே தரம்.

‘டொக்டர் ஹூ’ என்னும் தொடரின் வரலாறு இதனை நெடிய காலத்தில் வைத்துக் காட்டுகிறது. 1963 நவம்பரில் பி.பி.சி. தொடங்கிய அத்தொடருக்கு, மறு ஆண்டு நவம்பரில் ‘டி.வி. கொமிக்’ சஞ்சிகையில் சித்திரக்கதை வந்தது. வரைந்தவர் நெவில் மெயின். சஞ்சிகை சின்னஞ்சிறுவர்க்கானது, ஓவியமும் அவ்வாறே எளிய கோடுகளில் அமைந்தது. கதாநாயகருக்குத் தொடரிலே இல்லாத ஜோன், ஜில்லியன் என்ற பேரப்பிள்ளைகள் இருவரும் சேர்க்கப்பட்டனர். திரையில் அத்தொடரைக் கண்ட பிள்ளைகள் அச்சத்தால் நாற்காலிக்குப் பின்னே ஒளிந்தனர் என்பர். தாளில் ஒளிந்துகொள்ளத்தக்க எதுவும் இருக்கவில்லை. படங்கள் அழகற்றவை அல்ல, வேடிக்கையானவைதான். ஆனால் அவற்றில் நிழல் இல்லை.

பதினைந்து ஆண்டுகளின் பின், 1979 ஒக்டோபரில் ‘டொக்டர் ஹூ வீக்லி’ தனிச் சஞ்சிகையாக வெளிவந்தது. அதில் வந்த முதற்கதை, உரோமப் பேரரசு அழியாமல் நிலைத்துவிட்ட வேறோர் உலகிலிருந்து வரும் இயந்திரப் படைகளைப் பற்றியது. பட் மில்ஸ், ஜோன் வாக்னர் ஆகிய இருவரும் எழுத, டேவ் கிப்பன்ஸ் வரைந்தார். தொடரோ அப்போது வர்ணத்தில் வந்துகொண்டிருந்தது. சித்திரக்கதை கறுப்பு வெள்ளை. பெல்லமியின் காலத்து நிலைமை தலைகீழாயிற்று. இருந்தும் இம்முறையும் தாளே முந்தியது. பி.பி.சி.யின் சிக்கனமான வரவு செலவில் அத்தனை படைவீரருக்கு ஆடை தைக்க முடியாது. ஒரு மூலையில் பத்துப் பேரை நிறுத்திப் படமெடுப்பர். கிப்பன்ஸுக்கு ஒரு புட்டி மை போதும். கழுகுச் சின்னம் பொறித்த கலங்களும், வரிசை வரிசையாக வீரரும், வானளாவும் மண்டபங்களும் அவர் கையில் எழுந்தன. இவ்வளவு பிரமாண்டத்துக்கும் நடுவே டொம் பேக்கரின் அகன்ற கண்களும், சுருட்டை மயிரும், நீண்ட கழுத்துத்துணியும் எக்கோணத்திலும் பிசகவில்லை. தொலைக்காட்சி எதைச் செய்ய விரும்பிப் பணமின்றிக் கைவிட்டதோ, அதனைச் செய்து காட்டியதில்தான் அப்பக்கங்களின் பெருமை உள்ளது. பின்னாளில் ‘வொச்மென்’ வரைந்து உலகப் புகழ் பெற்றவர் இவரே.

அந்நாளில் இத்தகைய சித்திரக்கதைகள் வெறும் உபரிப் பண்டமாக இருக்கவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். ஒளிபரப்பை வீட்டிலே பதிவுசெய்து வைக்கும் கருவி குடும்பங்களுக்கு எட்டாத காலம். ஒரு முறை ஒளிபரப்பானது காற்றோடு போனது. பி.பி.சி. கூடத் தன் பதிவுகளை அழித்தது; ‘டொக்டர் ஹூ’வின் 1960களைச் சேர்ந்த அத்தியாயங்களில் தொண்ணூறுக்கு மேற்பட்டவை இன்றும் கிடைக்கவில்லை. ஒரு சிறுவன் தன் விருப்பத்துக்குரிய தொடரைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு உறங்கலாம் என்றால், அது தாளிலே மட்டுமே முடிந்தது. மறுபடி மறுபடி பார்க்கப்படும் பொருளில் ஒவ்வொரு பிழையும் மறுபடி மறுபடி தெரியும்.

இவ்வளவு முக்கியமான வேலை பல இடங்களில் ஏன் அலட்சியமாகச் செய்யப்பட்டது என்பதற்குக் காரணம் கலையில் இல்லை, கணக்கில் உள்ளது. தொடரின் பெயரைப் பயன்படுத்தப் பதிப்பகம் உரிமைப்பணம் செலுத்துகிறது. அந்தப் பெயரே நூலை விற்றுவிடும் என்று எண்ணும் பதிப்பாளர், ஓவியத்துக்கு மேலும் செலவிடுவானேன் என்று கருதுகிறார். ஓவியருக்குக் கூலி பக்கக் கணக்கில் கொடுக்கப்படுவது வழக்கம். ஒரு முகத்தை மூன்று முறை அழித்துத் திருத்தினாலும் கூலி ஒன்றே. தொடர் எந்த வேளையிலும் நிறுத்தப்படலாம் என்பதால் அவசரமும் மிகுதி. இவையனைத்துக்கும் மேலாக, டெல், கோல்ட் கீ போன்ற பதிப்பகங்களின் நூல்களில் ஓவியரின் பெயர் பெரும்பாலும் அச்சிடப்படுவதே இல்லை. அட்டையில் நடிகரின் முகம் உண்டு, தயாரித்த நிறுவனத்தின் பெயர் உண்டு. உள்ளே ஒவ்வொரு கோட்டையும் இழுத்தவர் பெயர் மட்டும் இல்லை. பெல்லமி தம் பக்கங்களில் கையொப்பமிட்டார். அங்ஙனம் இட வாய்த்தவர்கள் சிலரே.

ஜியோலிட்டி வரைந்த ‘ஸ்டார் ட்ரெக்’ கதைகள் 2014ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் கெட்டி அட்டை நூல்களாக மீண்டும் தொகுத்து வெளியிடப்பட்டன. ஓவியர் என்ற இடத்தில் சக்காராவின் பெயரும் ஜியோலிட்டியின் பெயரும் அவற்றில் குறிக்கப்பட்டன. ஜியோலிட்டி 1993இலேயே காலமாகிவிட்டார்.